திங்கட்கிழமை மயக்கம்

சானமாவு
12.6.1986

அன்புத் தம்பி தீர்த்தகிரிக்கு அக்கா பாப்பம்மா எழுதுவது. நானும் உன் மாமாவும் தங்கச்சி செல்லியும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை போனது. பொய் எதற்கு என்று நிறுத்திக்கொண்டேன். நீயாவது நலமாக இரு. பம்பாயில் மழை தொடங்கிவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். தலையை நனைத்துக்கொண்டு திரியாதே.

சித்திரையில் செல்லியையும் என்னோடு கம்பெனியில் சேர்த்துவிட்டேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். எங்கள் கம்பெனி என்ன செய்கிறது என்று உனக்குத் தெரியாது. பீடிக் கம்பெனிகளும் மூக்குப்பொடிக் கம்பெனிகளும் கழித்துப் போடும் புகையிலைத் தூசு லாரி லாரியாக இங்கே வருகிறது. சல்லடைக் கொட்டகையில் பதினாறு பெண்கள் அதைச் சலிக்கிறோம். சலித்ததைச் சுண்ணாம்போடும் மண்ணெண்ணெயோடும் தொட்டியில் ஊறவைத்து, பயிருக்கு அடிக்கும் பூச்சி மருந்து எடுத்து, டிரம்மில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் வாரம் வாந்தி வரும், பிறகு பழகிவிடும் என்றார்கள். செல்லிக்கும் பழகியது. ஆனால் திங்கட்கிழமை மட்டும் பழகவில்லை. ஞாயிறு லீவு முடிந்து கொட்டகைக்குள் போன ஒரு மணி நேரத்தில் வாயில் எச்சில் ஊறும், கை நடுங்கும், வயிற்றைப் பிரட்டும். செவ்வாய்க்கிழமை ஒன்றும் இருக்காது. எல்லாப் பெண்களுக்கும் இதே கதைதான். இந்தத் திங்கட்கிழமை செல்லி சல்லடையைப் பிடித்தபடியே சாய்ந்துவிட்டாள். மேஸ்திரி நாராயணப்பா வந்து என்ன சொன்னான் தெரியுமா?

"ஞாயித்துக்கெழம குடிச்சிக்கினு ஆட்டம் போட்டுட்டு, திங்கக்கெழம இங்க வந்து கக்கறீங்களா?"

பத்தொன்பது வயதுப் பெண்ணைப் பார்த்து, தம்பி! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. காட்டு ரோட்டில் யானை நின்று பஸ் தாமதமானால் பேசாமல் இருப்பான். வாந்தி எடுக்கப் பத்து நிமிடம் வெளியே போனால் அரை நாள் கூலி பிடிப்பு என்பான். யானைக்கு இருக்கும் மரியாதை எங்களுக்கு இல்லை.

நீ ஆராய்ச்சிக் கூடத்தில் ஈக்களுக்குப் புகையிலை விஷம் கொடுத்துச் சோதிப்பதாகப் போன தீபாவளிக்கு எழுதினாய். ஏன் திங்கட்கிழமை மட்டும் இப்படி ஆகிறது? படித்தவர்களிடம் கேட்டுச் சொல்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
அக்கா பாப்பம்மா


பம்பாய்
25.6.1986

அன்பும் மரியாதையும் கலந்த அக்காவுக்குத் தம்பி தீர்த்தகிரியின் வணக்கம். நான் சுகம். மாமாவையும் செல்லியையும் கேட்டதாகச் சொல்லவும். மழை பிடித்துக்கொண்டுவிட்டது, குடை வாங்கிவிட்டேன்.

யாரையும் கேட்க வேண்டியதில்லை அக்கா. இது நாங்கள் இங்கே தினமும் பார்க்கும் விஷயம். எங்கள் ஆராய்ச்சியே இதுதான். பழுத்த வாழைப்பழத்தை மொய்க்குமே சின்ன ஈ, அதைப் பாட்டிலில் வளர்க்கிறோம். சோள மாவு, வெல்லம், ஈஸ்ட் கலந்து காய்ச்சிய கூழ்தான் அதற்குத் தீனி. அந்தத் தீனியில் நிகோடின் என்கிற புகையிலைச் சாரத்தைக் கலந்து கொடுக்கிறோம்.

ஈக்கும் நரம்பு உண்டு. ஒரு நரம்பும் அடுத்த நரம்பும் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, நடுவில் மயிரிழை இடைவெளி. இந்தப் பக்கத்து நரம்பு ஒரு சாற்றைத் துளியாக விடும். அதை வாங்குவதற்கென்றே அந்தப் பக்கத்து நரம்பின் மேல் ரிசெப்டர்கள் இருக்கின்றன. வாங்கிகள் என்று வைத்துக்கொள். சாறு பட்டதும் நரம்பு ஒருமுறை துடிக்கும், சாறு உடனே அழிந்துவிடும். கை தூக்குவதும் நடப்பதும் இப்படித்தான். நிகோடின் அந்தச் சாற்றின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் சாறு மாதிரி அழியாது. நரம்பு ஓயாமல் துடிக்கும். ஈ மல்லாந்து விழுந்து கால்களை உதறும்.

கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் கொடுத்தால் வேறு மாதிரி. ஷிப்டுச் சங்கு நாள் முழுக்க ஊதிக்கொண்டே இருந்தால் யார் எழுந்து போவார்கள்? அதுபோல வாங்கிகள் மரத்துப்போகின்றன. ஈ விழுவதில்லை. இரண்டு நாள் சுத்தமான தீனி கொடுத்துப் பார்த்தோம். மரத்துப்போனவை விழித்துக்கொண்டன. மறுபடி நிகோடின் வைத்ததும் ஈ தொப்பென்று விழுந்தது. உங்கள் திங்கட்கிழமை இதுதான் அக்கா. குடியுமில்லை, கூத்துமில்லை. அந்த மேஸ்திரியிடம் ஆராய்ச்சிக் கூடத்திலேயே சொல்லிவிட்டார்கள் என்று சொல்.

இங்கே என்னை நிரந்தரமாக்க நேர்முகம் வரப்போகிறது. குலதெய்வத்துக்கு எனக்காக ஒரு விளக்கு வை.

பாசமுள்ள,
தீர்த்தகிரி


சானமாவு
8.7.1986

என் விஞ்ஞானித் தம்பிக்கு அக்காவின் ஆசிகள். இன்றைக்கு எல்லாரும் நலம் என்று கூசாமல் எழுதுகிறேன். உன் உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்குப் பக்கத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். மற்றப் பதினைந்து பேரும் வாய் பிளந்து கேட்டார்கள். சென்னம்மா இரண்டாவது முறை படிக்கச் சொன்னாள். "உன் தம்பி பெரிய ஆபீசரா?" என்றாள் மாரம்மா. ஆமாம் என்றேன். பத்தாவது ஃபெயிலான பையன் இவ்வளவு பெரிய ஆளாகிவிட்டானே என்று நினைத்துக் கடிதத்தைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டேன்.

மேஸ்திரியிடம் சொன்னேன். "ஈக்கு வர்ற நோவு ஒங்களுக்கு வருதா? அப்ப நீங்க ஈயா?" என்று சிரித்துவிட்டுப் போனான். போகட்டும். அவன் தயவு எங்களுக்கு எதற்கு? லீவு விட்டால்தான் வாங்கிகள் விழித்துக்கொள்கின்றன என்று நீயே எழுதிவிட்டாய். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமையும் அவற்றை விழிக்க விடாமல் பார்த்துக்கொண்டால் போயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் ஆளுக்கு ஒரு பிடி தூசை முந்தானையில் முடிந்துகொண்டு வருகிறோம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதை ஈரத்துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொள்கிறோம். மாரம்மா வாயிலேயே அடக்கிக்கொள்கிறாள். நேற்றுத் திங்கட்கிழமை ஒருத்திகூட விழவில்லை! யோசனை என்னுடையதுதான், ஆனால் பாதிப் பெருமை உனக்கு.

இன்னொரு நல்ல சேதி. தேன்கனிக்கோட்டையிலிருந்து செல்லியைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். பையன் பெயர் திம்மப்பன், ஓசூரில் லேத் வேலை. ஆவணியில் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். செல்லி மூஞ்சியில் சிரிப்பு நிற்கவில்லை. லீவு சொல்லிவிட்டு வந்து சேர்.

உடனே பதில் போடு,
அக்கா


பம்பாய்
3.8.1986

அக்காவுக்கு வணக்கம். பதில் எழுதத் தாமதம், மன்னிக்கவும். இங்கே மழையில் ரயில் எல்லாம் நின்றுவிட்டது. எனக்கு ஜலதோஷம், வேறொன்றுமில்லை. நீங்கள் எல்லாரும் நலம்தானே?

செல்லி விஷயம் கேட்டு மிக்க சந்தோஷம். லீவு கிடைக்குமா என்று பார்க்கிறேன். நேர்முகம் சமயத்தில் கேட்டால் என்ன நினைப்பார்களோ.

ஞாயிற்றுக்கிழமை யோசனையைப் பற்றி எழுதியிருந்தாய். யாரும் விழவில்லை என்றால் நல்லதுதான். ஆனால் கொஞ்சமாக வைத்துக்கொள்ளுங்கள். பழகிப்போன ஈக்கள் விழுவதில்லையே தவிர, பாட்டில் சுவரில் மேலே ஏறுவதற்கு மற்றவற்றைவிட நேரம் எடுத்துக்கொள்கின்றன. அது ஈக்கு. மனிதருக்கு எப்படியோ தெரியாது. எங்கள் கூடத்து மேடத்திடம் கேட்டு எழுதுகிறேன்.

வேலை அதிகம். இத்துடன் நிறுத்துகிறேன்.

தீர்த்தகிரி


சானமாவு
22.8.1986

தம்பிக்கு அக்கா எழுதுவது. நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

செவ்வாய்க்கிழமை மழையில் நனைந்த லோடு ஒன்று வந்தது. சாக்கு எல்லாம் சொதசொதவென்று இருந்தது. காய வைத்துச் சலிக்கலாம் என்றோம், லாரி காத்திருக்கிறது என்றான் நாராயணப்பா. ஈரத் தூசு கை, கழுத்து, புடவை எல்லாவற்றிலும் சந்தனம் அப்பினாற்போல ஒட்டிக்கொண்டது. பதினொரு மணிக்குச் செல்லி விழுந்தாள். இந்த முறை சும்மா சாயவில்லை. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. கண் மேலே செருகிவிட்டது. அக்கா அக்கா என்று கூப்பிடக்கூட முடியாமல் பல் கிட்டிப்போயிற்று. நீ எழுதிய ஈ மாதிரியே துடித்தாள், தம்பி. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கம்பெனி டாக்டர் வந்தார். தன் கையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டார், எங்கள் செல்லியைக் கழுவவில்லை. நாங்கள்தான் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, புடவையை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கழுவினோம். சாயங்காலம் கண் திறந்தாள். மறுநாள் அவளை வேலையிலிருந்து நிறுத்தி ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 'வலிப்பு நோய். பிறவியிலிருந்தே உள்ளது. தொழிற்சாலை வேலைக்குத் தகுதியற்றவர்.'

பிறவியிலிருந்தாம்! அம்மா போனபிறகு அவளை இடுப்பில் வைத்து வளர்த்தவள் நான். எனக்குத் தெரியாத வலிப்பு இவருக்குத் தெரிந்துவிட்டது! கொட்டகையில் இருப்பது வெறும் தூசு, மருந்து டிரம்மில்தான் இருக்கிறது என்கிறார் மேனேஜர். "இந்தத் தூளைத்தான் ஊரே பீடியில சுத்திக் குடிக்குது, எவனாவது இழுத்துக்கினு கெடக்கறானா?" என்று கேட்கிறார்.

சேதி தேன்கனிக்கோட்டைக்கு எங்களுக்கு முன்னால் போய்விட்டது. "வலிப்புக்காரப் பொண்ண தலையில கட்டப் பாத்தீங்களே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். செல்லி சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். சோறு இறங்கவில்லை. அந்தச் சீட்டில் வலிப்பு என்று இருக்கும்வரை எந்தக் கம்பெனியும் அவளை எடுக்காது, எவனும் கட்டமாட்டான்.

கிருஷ்ணகிரியில் லேபர் ஆபீசரிடம் மனு கொடுத்துவிட்டேன், அதில் உன் பெயரையும் எழுதியிருக்கிறேன். நீ உன் ஆபீஸ் பேப்பரில், உன் கையெழுத்தும் முத்திரையும் போட்டு, புகையிலைத் தூசு இப்படிச் செய்யும் என்று எழுதி அனுப்பு. விஞ்ஞானி எழுதினால் ஆபீசர் தட்ட முடியாது. கூடப் பிறந்தவளுக்காக இது ஒன்று செய்.

அக்கா


சானமாவு
10.9.1986

தீர்த்தகிரிக்கு,

பத்தொன்பது நாளாகிறது. உயிரோடு இருக்கிறாயா? இருந்தால் உனக்கு வெட்கமில்லை. இல்லாவிட்டால் உன் ஆபீசிலிருந்து யாராவது தந்தி கொடுத்திருப்பார்கள்.

தபால்காரரைப் பார்த்தால் செல்லி எழுந்து உட்காருகிறாள். "அண்ணன் எழுதிருக்கும், வேல ஜாஸ்தியா இருக்கும்" என்று உனக்காக அவளே சமாதானம் சொல்கிறாள். எனக்குக் கேட்கப் பொறுக்கவில்லை.

உனக்கு எழுத நேரமில்லை என்றால் உன் ஈக்களாவது எங்களுக்கு உதவட்டும். அன்றைக்கு அவள் கட்டியிருந்த புடவையின் ஒரு துண்டை வெட்டி, துவைக்காமல், இதோடு ரிஜிஸ்டர் பார்சலில் அனுப்புகிறேன். கொட்டகையில் மருந்தே இல்லையாம். உன் பாட்டிலில் போட்டுப் பார்.

பாப்பம்மா


பம்பாய்
28.9.1986

அக்காவுக்கும் செல்லிக்கும் வணக்கம். செல்லியின் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது? நான் எழுதாததற்கு என்ன காரணம் சொன்னாலும் நீ திட்டுவாய். திட்டு.

பார்சல் வந்த மறுநாள் காலை ஆறு மணிக்கே கூடத்துக்குப் போனேன். புடவைத் துண்டை இரண்டாகக் கிழித்து இரண்டு பாட்டிலில் போட்டேன். ஒன்றில் சாதாரண ஈக்கள். இன்னொன்றில் தலைமுறை தலைமுறையாக நிகோடின் தீனியிலேயே வளர்ந்து அதைத் தாங்கப் பழகிய ஜாதி. காபி குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. முதல் பாட்டிலில் அத்தனையும் மல்லாந்து கால்களை உதறின. இரண்டாவது பாட்டிலில் பாதிக்கு மேல் சுவரில் நடந்துகொண்டிருந்தன. மண்ணெண்ணெயோ சோப்போ காரணமாக இருந்தால் இரண்டும் ஒன்றுபோல விழுந்திருக்கும். துணியில் இருப்பது நிகோடின்தான்.

பின்னால் மேடம் நிற்பதை நான் கவனிக்கவில்லை. சாந்தா பட்கர் மேடம், இந்தக் கூடத்துக்கே தலைவர். கேட்காமல் ஈயை எடுத்ததற்கு முதலில் கோபப்பட்டார். நான் விஷயத்தைச் சொன்னதும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மிச்சமிருந்த துணியில் அவரே மூன்று முறை செய்து பார்த்து, கையெழுத்திட்டு அறிக்கை கொடுத்திருக்கிறார். இணைத்திருக்கிறேன். ஈரத்தோடு தோலில் பட்டால் நிகோடின் உள்ளே இறங்கும், கூடுதலாக இறங்கினால் மனிதருக்கும் இழுப்பு வரும் என்று எழுதியிருக்கிறார்.

அதில் என் பெயர் வேண்டாம் என்று நானேதான் சொன்னேன். தங்கச்சிக்கு அண்ணன் சான்று சொன்னால் எடுபடாது என்று. செல்லியிடம் சாப்பிடச் சொல்.

தம்பி


சானமாவு
16.10.1986

தீர்த்தகிரிக்கு,

செல்லிக்கு இழுப்பு திரும்ப வரவில்லை. கொட்டகையை விட்டு வந்து இரண்டு மாதமாகிறது, ஒரு கொட்டாவிகூடக் கோணலாக வரவில்லை. பிறவி நோய் ஓய்வெடுக்கிறது போலிருக்கிறது. மற்றபடி நலமென்ன, நாசமென்ன.

செவ்வாய்க்கிழமை கிருஷ்ணகிரியில் விசாரணை. அறிக்கையை ஆபீசர் படித்ததும் மேனேஜர் முகம் செத்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அப்போதுதான் நாராயணப்பா எழுந்தான். "சார், இதுங்க சனிக்கெழமையானா தூசைத் திருடிக்கினு போயி இடுப்புல கட்டிக்குதுங்க. வாயில வேற போட்டுக்குதுங்க. பொடவைல மருந்து இருக்காம பன்னீரா இருக்கும்?" என்றான். எல்லா நோயும் அவர்களாக வீட்டில் வரவழைத்துக்கொண்டது என்று மேனேஜர் பிடித்துக்கொண்டார். நான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்த யோசனை, கடைசியில் செல்லியின் கழுத்திலேயே சுருக்காக விழுந்தது.

யார் இதைக் கற்றுக்கொடுத்தது என்று ஆபீசர் கேட்டார். என் தம்பி பம்பாயில் விஞ்ஞானி, அவன் எழுதியதை வைத்து நான்தான் சொன்னேன் என்றேன். மேனேஜர் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். மனுவில் உன் பெயரைப் பார்த்து உன் ஆராய்ச்சிக் கூடத்துக்கே எழுதிக் கேட்டிருக்கிறார்கள். பதில் வந்திருக்கிறது: 'அந்தப் பெயரில் விஞ்ஞானி எவரும் இல்லை. பாட்டில் கழுவவும் தீனி காய்ச்சவும் அமர்த்தப்பட்ட தினக்கூலி ஒருவர் இருக்கிறார்.'

அந்த அறையே சிரித்தது, தம்பி. நாராயணப்பா தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

பாட்டில் கழுவுவது கேவலமா? நான் தூசு சலிக்கிறேன் என்று உன்னிடம் மறைத்தேனா? நாங்கள் உன்னை ஆபீசர் என்று நினைத்ததால்தான் உன் எழுத்தை வேதமாகப் பிடித்துக்கொண்டோம். கூலி என்று தெரிந்திருந்தால், இரண்டாவது ஆளிடம் கேட்டிருப்போம். சுவரேறும் ஈயைப் பற்றி அரை வரி எழுதிவிட்டு ஜலதோஷம் என்று முடித்தாயே, அப்போதே உனக்குத் தெரியும்தானே?

ஆபீசர் நவம்பர் 14 வரை நேரம் கொடுத்திருக்கிறார். "மொதல்ல நோவு வந்ததா, மொதல்ல வீட்ல தூசு கட்டினதா? அத நிரூபிங்கம்மா" என்கிறார். ஜூன் மாதம் நான் உனக்கு எழுதிய இன்லாண்டு லெட்டரில் செல்லி விழுந்தது இருக்கிறது. ஓசூர் தபால் முத்திரை தேதியோடு இருக்கிறது. அதை வைத்திருக்கிறாயா, அதையும் கழுவி ஊற்றிவிட்டாயா? அதற்கு நீ எழுதிய பதில் என்னிடம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் படிப்பார்கள். உன் பவிசும் சேர்ந்து வெளியே வரும். உன் நேர்முகம் போகலாம். தெரிந்துதான் கேட்கிறேன்.

பாப்பம்மா


பம்பாய்
3.11.1986

அக்காவுக்கு,

தீபாவளிக்கு நீங்கள் எண்ணெய் வைத்தீர்களோ இல்லையோ. நான் வைக்கவில்லை.

ஜூன் கடிதம் இதோடு இருக்கிறது. நீ எழுதிய எதையும் நான் தூக்கிப் போட்டதில்லை. மடிப்பைப் பிரிக்காமல் அனுப்புகிறேன், முத்திரை தெளிவாக இருக்கிறது. வேண்டுமானால் என் மற்றக் கடிதங்களையும் கொடுத்துவிடு.

மேடத்திடம் கேட்டு எழுதுகிறேன் என்று ஆகஸ்டில் எழுதினேன். கேட்கவில்லை. கேட்டால், உனக்கு எப்படித் தெரியும், ஊருக்கு என்னவென்று எழுதினாய் என்று கேட்பார் என்ற பயம். விழாத ஈக்கள் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தமில்லை என எனக்கு அப்போதே தெரியும். அவை சீக்கிரம் செத்துப்போகின்றன. செத்த ஈக்களைக் கொட்டிப் பாட்டிலைக் கழுவுகிறவன் நான்தானே? எந்தப் பாட்டிலில் அதிகம் என்று கைக்குத் தெரியும். மரத்துப்போவது பாதுகாப்பு இல்லை அக்கா. வலி தெரியாமல் விஷம் ஏறுகிறது, அவ்வளவுதான். இதை ஜூலையிலேயே எழுதியிருந்தால் நனைந்த லோடு வருவதற்கு முன்பே செல்லி வேலையை விட்டு நின்றிருப்பாள். எழுதாதது என் பெருமைக்காக. வேறு எதற்காகவும் இல்லை.

நிகோடின் ஊற்றும் நாட்களில் எனக்கும் எச்சில் ஊறும், கை நடுங்கும். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிவிடுவார்களோ என்று.

நேற்று மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைத் தூசைப் பற்றிக் கேட்டதும் மேஜையில் ஓங்கி அடித்தார். உடனே நிறுத்தச் சொல் என்றார். நிறுத்துங்கள் அக்கா. விஞ்ஞானி என்று சொல்லிக்கொண்டதற்கு ஆபீசில் விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்துவிட்டேன். நேர்முகப் பட்டியலில் என் பெயர் இல்லை. தினக்கூலியாகத் தொடரலாம் என்றிருக்கிறார்கள்.

செல்லி இதைப் படித்தால் என்னை அண்ணன் என்று சொல்வாளோ என்னவோ. அவளிடம் மறைக்காதே.

பாட்டில் கழுவும்,
தீர்த்தகிரி


சானமாவு
20.11.1986

அன்புத் தம்பிக்கு அக்கா பாப்பம்மாவின் ஆசி. மாமா நலம். செல்லி நலம், இரண்டு வேளையும் சாப்பிடுகிறாள். உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, தீர்ந்தபிறகு எழுதலாம் என்றால் இந்த வருஷம் முடிந்துவிடும். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை விசாரணையில் ஆபீசர் முதலில் முத்திரையைப் பார்த்தார், பிறகு என் கடிதத்தைப் படித்தார். உன் கடிதத்தை வாய்விட்டே படித்தார். 'எங்கள் ஆராய்ச்சியே இதுதான்' என்ற இடத்தில் மேனேஜர் களுக்கென்று சிரித்தார். ஆபீசர் கடிதத்தைக் கீழே வைத்தார்.

"பாட்டில் கழுவறவருக்கு இவ்வளவு தெரிஞ்சிருக்கு. படிச்ச உங்க டாக்டருக்கு ஏன் தெரியல?" என்றார்.

அதற்குப் பிறகு அந்த அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. பிறவியிலிருந்தே நோய் என்று எப்படி எழுதினீர்கள் என்று டாக்டரைக் கேட்டார். டாக்டர் நாராயணப்பாவைப் பார்த்தார். "மேஸ்திரி சொன்னாரு, எழுதினேன்" என்றார். மேஸ்திரி சொன்னானாம்! எங்கள் அம்மா வயிற்றில் நடந்ததற்கு மேஸ்திரி சாட்சி!

தூசு கட்டச் சொன்னது என் புத்தி, செல்லி மேல் தப்பில்லை என்று நானும் எழுதிக் கொடுத்தேன். கம்பெனி என்னை அன்றைக்கே நிறுத்திவிட்டது. திருட்டாம். நிறுத்தட்டும்.

ஆபீசர் அடிக்கச் சொன்னதும் டாக்டர் பேனாவை எடுத்துச் சீட்டில் வலிப்பு என்பதன்மேல் ஒரு கோடு இழுத்தார். மேனேஜர், "அதான் அடிச்சாச்சில்ல, போம்மா, போய்க் கல்யாணம் பண்ணிக்கோ" என்றார். செல்லி நகரவில்லை. இரண்டு விசாரணையிலும் வாயைத் திறக்காத பெண், மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"அடிச்சா போதுங்களா சார்? வராத நோவ எழுதத் தெரிஞ்சுதில்ல? வந்த நோவ எழுதுங்க" என்றாள்.

டாக்டர் ஆபீசரைப் பார்த்தார். ஆபீசர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் எழுதினார். 'தொழிற்சாலையில் ஈரமான புகையிலைத் தூசு தோலில் பட்டதால் ஏற்பட்ட நச்சு மயக்கம்.' செல்லி அதை எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தாள். தேதி போடவில்லை என்று திருப்பிக் கொடுத்து, போட்ட பிறகுதான் வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமையே தேன்கனிக்கோட்டைக்காரர்கள் வெற்றிலை பாக்கோடு வந்து நின்றார்கள். என்ன பல் இளிப்பு! செல்லி சீட்டைக் கொண்டுவந்து அவர்கள் கையில் கொடுத்தாள். அவர்கள் படித்து முடிக்கும்வரை நின்று, திரும்ப வாங்கிக்கொண்டு, "இதுல இருக்கறது மொதல்லயும் நெசம்தான். அப்ப எம்மேல நம்பிக்க இல்லாதவங்களுக்கு இப்ப நான் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். உன் மாமாவுக்கு வருத்தம். எனக்கில்லை.

அவளுக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. கையுறை வாங்கித் தருவதாகக் கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது, வரும்போது பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமைத் தூசை நிறுத்தச் சொல்லி நானே வீடு வீடாகப் போனேன். மாரம்மா மட்டும் திட்டிவிட்டுக் கேட்டாள், மற்றவர்கள் உடனே கேட்டுக்கொண்டார்கள். அதனால் இந்தத் திங்கட்கிழமை கொட்டகையில் பழையபடி ஒவ்வொருத்திக்காகத் தலை சுற்றியது. ஆனால் யாரும் மரத்தடிக்குப் போய்ப் படுக்கவில்லை. சல்லடையைக் கீழே வைத்துவிட்டு, வாந்தி எடுத்த வாயைத் துடைத்துக்கொண்டு, பதினொரு பேர் வரிசையாகக் கம்பெனி டாக்டர் அறை வாசலில் போய் நின்றார்கள். மாரம்மாதான் முன்னால். நாராயணப்பா கத்தியிருக்கிறான். ஒருத்தியும் அசையவில்லை.

"செல்லிக்கு எழுதின மாதிரி எங்களுக்கும் எழுதிக் குடுங்க. தேதியோட" என்றார்களாம்.

இன்றைக்கு வியாழக்கிழமை. ஏழு பேருக்கு எழுதியாயிற்று. மீதி நான்கு பேர் இன்னும் வாசலில் நிற்கிறார்கள். நீ பாட்டில் கழுவும்போது கையுறை போட்டுக்கொள். கொடுக்காவிட்டால் உன் மேடத்துக்கு நானே கடிதம் எழுதுவேன். செல்லி அண்ணனைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அக்கா பாப்பம்மா